உங்களுக்குத் தெரியுமா? மாத்தளையிலிருந்து மரங்களின் உச்சி வரை!

மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் இராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? 108 அடி! அதன்மேல் இன்னொரு கோபுரம் வையுங்கள். அதன்மேல் இன்னொன்று. அதற்கும் மேலே அரைக் கோபுரம். அவ்வளவு உயரத்தில் ஒரு மரம் இப்போதும் உயிரோடு நிற்கிறது!

பெயர் ஹைபீரியன். ஊர் அமெரிக்காவின் கலிபோர்னியா. இனம் கடற்கரைச் செம்மரம். உயரம் 380 அடி! இன்று உயிரோடு நிற்கும் மரங்களில் இதைவிட உயரமானது இதுவரை யார் கண்ணிலும் படவில்லை!

இதைக் கண்டுபிடித்தது எப்போது தெரியுமா? 2006இல்தான்! மனிதன் சந்திரனில் கால் வைத்து 37 வருடம் கழித்து!

அதைப் பார்க்கப் போகலாமா? கூடாது! இரசிகர்கள் மிதித்தே வேரடி மண்ணைக் கெட்டியாக்கிவிட்டார்கள். 2022இல் அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள். மீறிப் போனால் 5,000 டொலர் அபராதம், 6 மாதச் சிறை!

மரம் இன்னும் எவ்வளவு உயரலாம்? அதையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். வேர் உறிஞ்சும் தண்ணீர் உச்சிக் கிளைக்கு ஏற வேண்டுமே! 122 முதல் 130 மீட்டருக்கு மேல் எந்த மரத்தாலும் தண்ணீரை ஏற்ற முடியாதாம். ஹைபீரியன் அந்த எல்லையைத் தொட இன்னும் ஆறேழு மீட்டர்தான் பாக்கி!

நமக்கு அடுத்த வீடு மாதிரி இருக்கும் மலேசியாவிலும் ஒரு சூரன் உண்டு. சபா மாநிலத்து டானும் பள்ளத்தாக்கில் நிற்கும் மெனாரா. 100.8 மீட்டர்! வெப்பமண்டலக் காட்டில் 100 மீட்டரைத் தாண்டிய மரம்!

இனித்தான் நம் ஊர்ப் பெருமை. அந்த மெனாராவின் குடும்பத்து மரம் ஒன்று நம் நக்கிள்ஸ் மலையில் இருக்கிறது. ஸ்டெமொனோபோரஸ் அஃபினிஸ் என்று வாயில் நுழையாத பெயர். அந்தச் சாதி முழுவதும் இலங்கைக்கே உரியது. அதிலும் இந்த இனம் நக்கிள்ஸ் மலைத்தொடரை விட்டு வேறெங்கும் வளர்வதில்லை. உலகத்திலேயே இங்கு மட்டும்!

அதே நக்கிள்ஸின் காற்றடிக்கும் முகடுகளில் ஏறிப் பாருங்கள். முதிர்ந்த மரங்கள் கூடக் கூனிக் குறுகி, பாசி போர்த்து, புதர் உயரத்தில் நிற்கும். காற்று அவற்றை நிமிரவே விட்டதில்லை. குட்டை மரத்தைக் கண்டதும் நேற்று முளைத்தது என்று நினைத்துவிடாதீர்கள்!

அந்த மரங்களில் ஒரு ஓணான் வாழ்கிறது. மூக்கின் நுனியில் இலை ஒன்றை ஒட்டி வைத்ததுபோல் ஒரு சதைத் துண்டு! இலைமூக்கு ஓணான். நக்கிள்ஸுக்கு வெளியே அதை நீங்கள் எங்கேயும் காண முடியாது. காடு போனால் அதுவும் போச்சு!

சரி, உயரம் போதும். வயதுக்கு வருவோம்!

கலிபோர்னியாவின் வெள்ளை மலையில் மெத்துசேலா என்றொரு பைன் மரம். வயது 4,800க்கு மேல்! எகிப்தின் பெரிய பிரமிட்டுக்குக் கல் தூக்குவதற்கு முன்பே அது முளைத்துவிட்டது. அது நிற்கும் இடம் பரம இரகசியம். வழிகாட்டிப் பலகை கிடையாது!

ஏன் இவ்வளவு இரகசியம்? 1964இல் நடந்ததைக் கேளுங்கள். நெவாடா மாநிலத்தில் டொனால்ட் கரி என்ற ஆராய்ச்சி மாணவர் ஒரு கிழட்டுப் பைன் மரத்தை வெட்ட அனுமதி கேட்டார். வன அதிகாரிகள் கொடுத்தார்கள். வெட்டினார்கள். பிறகு உட்கார்ந்து வளையங்களை எண்ணினார்கள். 4,862! அன்றைக்கு அறியப்பட்டதிலேயே வயது கூடிய மரம் அது. எண்ணி முடித்தபோது அது விறகு!

நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. வளையத்தை எண்ணினால்தான் வயது தெரியும் என்று வெட்டினார்கள். மரத்தைச் சாகடிக்காமலே மெல்லிய துளைக்கருவியால் வளையம் எண்ணும் முறை அப்போதே இருந்தது!

சுவீடனில் ஒரு ஸ்புரூஸ் மரம். பழைய ட்ஜிக்கோ என்று பெயர். உயரம் 5 மீட்டர்தான். ஆனால் வேரின் வயது 9,550 வருடம்! தண்டு செத்துச் செத்து விழும், வேர் மறுபடி தளிர் விடும்!

இவை எல்லாம் தாமாக முளைத்தவை. மனிதன் கையால் நட்டு, நட்ட காலமும் எழுதி வைக்கப்பட்ட மரங்களில் மூத்தது எது? அதற்கு அமெரிக்கா போக வேண்டாம். தம்புள்ளையில் பஸ் ஏறுங்கள், ஏ9 வீதியில் வடக்கே போங்கள், அனுராதபுரத்தில் இறங்குங்கள். ஸ்ரீ மகா போதி! தேவநம்பியதீசன் காலத்தில் சங்கமித்தை கொண்டுவந்த வெள்ளரசு. வயது 2,200 வருடத்துக்கு மேல்!

இன்னும் வடக்கே போனால் மன்னார், பள்ளிமுனை. அங்கே ஒரு பெருக்க மரம். உயரம் கேட்டால் சிரிப்பீர்கள், ஏழெட்டு மீட்டர்தான். அடிமரத்தைச் சுற்றி அளந்தால் 19 மீட்டருக்கு மேல்! உயரத்தைவிடச் சுற்றளவு இரண்டு மடங்குக்கும் அதிகம்!

அந்த மன்னாரில் கரையிறங்கித்தான் நம் முன்னோர் நடந்தார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, இருபுறமும் காடு. மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே வந்தார்கள்! வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் மாண்டவர்கள் ஆயிரமாயிரம். அவர்கள் எதற்கு அழைத்துவரப்பட்டார்கள்? காடு வெட்டிய மலையில் கோப்பி போட!

அந்தக் காட்டை எப்படி வெட்டினார்கள் தெரியுமா? இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் என் மனம் ஆறவில்லை. மலையடிவாரத்தில் தொடங்குவார்கள். ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டுவார்கள். விழவிட மாட்டார்கள். அடுத்த மரம், அடுத்த மரம் என்று பாதி வெட்டிக்கொண்டே மேலே ஏறுவார்கள். முகட்டுக்கு வந்ததும் அங்கே நிற்கும் பெரிய மரங்களை மட்டும் முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழே நிற்பவற்றின் மேல் விழும். கொடிகள் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். ஒரே இடிமுழக்கம். ஒரு மலைச்சரிவே சில நிமிடத்தில் தரை மட்டம்!

அதோடு முடியவில்லை. காயவிட்டு நெருப்பு வைப்பார்கள். கருங்காலி, முதிரை என்று பேதம் பாராமல் சாம்பல்! அந்தச் சாம்பலில் கோப்பிக் கன்று!

1870களில் இலங்கையில் கோப்பி நின்ற நிலம் 2,50,000 ஏக்கருக்கு மேல். 1869இல் இலையில் ஒரு செம்மஞ்சள் பொடி தென்பட்டது. துரு நோய்! இருபதே வருடத்தில் கோப்பி இராச்சியம் காலி!

பட்டுப்போன கோப்பி மரங்கள் எங்கே போயின? பட்டையை உரித்துக் கப்பலேற்றினார்கள். இங்கிலாந்தில் அவை தேநீர் மேசைகளுக்குக் காலாகின!

ஆனால் மலை உச்சிகள் தப்பின. எப்படி? லண்டன் கியூ தாவரப் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர் எச்சரித்தார்: உச்சிக் காட்டை வெட்டினால் மழையும் போகும், ஆறும் போகும். 1873இல் 5,000 அடிக்கு மேலுள்ள காடு விற்பனைக்கு இல்லை என்று ஆனது. நக்கிள்ஸ் முகட்டில் இன்று நாம் பார்க்கும் பச்சை, கோடாரி அந்தக் கோட்டில் நின்றதன் பலன்!

அதே நக்கிள்ஸ் 2000இல் பாதுகாப்பு வனம். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை. பரப்பு 31,000 ஹெக்டேருக்கு மேல்! மாத்தளை, கண்டி இரண்டு மாவட்டத்துக்கும் சொந்தம்!

பெரிய மரம் நின்றால் கீழே ஒன்றும் விளையாது என்பார்கள். நக்கிள்ஸ் ஏலக்காய் எங்கே விளைந்தது? அந்தப் பெரிய மரங்களின் நிழலில்தான்! ஆனால் கீழ்ச்செடிகளை வெட்டி ஏலம் போட்டதும், காயை உலர்த்த விறகு எரித்ததும் காட்டின் அடுத்த தலைமுறையைத் தின்றுவிட்டது. உயரமான மரம் நிற்கிறது, அதன் பிள்ளைகள் இல்லை!

இப்போது என் செல்ல மரத்துக்கு வருகிறேன். இதற்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்றாலும் தகும்!

தாளிப்பனை! ஒரே ஒரு இலை 5 மீட்டர் அகலம் வரை விரியும். கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 20 வருடம் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் இதைப் பார்த்து வாயைப் பிளக்கிறார். ஒரு இலை 15, 20 பேரை மழையிலிருந்து மறைக்குமாம்! படைவீரர்களுக்கு அதுதான் கூடாரம்!

இந்த மரம் வாழ்நாளில் எத்தனை முறை பூக்கும்? ஒரே முறை! 30 வருடமோ 80 வருடமோ சேர்த்து வைத்த சத்தையெல்லாம் உச்சியில் ஒரே பூங்கொத்தாக்கும். கிளைவிட்ட பூங்கொத்துகளில் தாவர உலகிலேயே இதைவிடப் பெரியது கிடையாது. அதிலுள்ள பூக்கள் எத்தனை? ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்கு சுமார் 2 கோடியே 40 இலட்சம்!

காய் பழுக்க ஒரு வருடம். உதிர்ந்து முடிந்ததும் மரம் செத்துவிடும்!

அந்தத் தாளிப்பனை ஓலையில்தான் மாத்தளைக்குப் பக்கத்தில், அலுவிகாரையில், பௌத்த திரிபிடகம் முதன்முதலில் எழுத்தில் ஏறியது. கி.மு. 1ஆம் நூற்றாண்டு, வலகம்பா மன்னன் காலம். பஞ்சமும் போரும் வந்து, மனப்பாடமாக வைத்திருந்த பிக்குகள் மாண்டுகொண்டிருந்தார்கள். 500 பிக்குகள் கூடி உட்கார்ந்து எழுதினார்கள் என்கிறது மரபு. அதுவரை வாயிலிருந்து காதுக்குப் போன சொல்!

இன்றும் அலுவிகாரைக்குப் போனால் அந்த வேலையைக் கண்ணால் பார்க்கலாம். விரியாத இளங்குருத்தை வெட்டி, ஈர்க்கு நீக்கி, அவித்து, வெயிலிலும் பனியிலும் காயவைத்து, உருண்டைக் கட்டையில் இழுத்து இழுத்து வழவழப்பாக்குவார்கள். பிறகு எழுத்தாணி. இடக்கைப் பெருவிரல் ஓலையைத் தாங்கும், வலக்கை கீறும். எழுதி முடித்ததும் ஓலையைப் பாருங்கள். ஒன்றும் தெரியாது! வெறும் ஓலை! அதன்மேல் கரித்தூள் கலந்த எண்ணெயைப் பூசித் துடைப்பார்கள். சட்டென்று எழுத்தெல்லாம் கறுப்பாக எழுந்து நிற்கும்!

அந்த எண்ணெய் எதிலிருந்து? குங்கிலியத்திலிருந்து! குங்கிலியம் தரும் மரங்கள் எந்தக் குடும்பம்? 100 மீட்டர் மெனாராவின் குடும்பமேதான்!

1848இல் மாத்தளைக் கிளர்ச்சி. ஆங்கிலேயர் அடக்க வந்தார்கள். அலுவிகாரையின் நூலகம் நாசமானது. மீண்டும் எழுத உட்கார்ந்தார்கள். மீண்டும் தாளிப்பனை ஓலையில்!

தாளிப்பனையைப் பூக்கும் முன்னே வெட்டினால் என்ன ஆகும்? ஒரு விதைகூட மிஞ்சாது. 80 வருடச் சேமிப்பு, வாரிசே இல்லாமல் போகும். வீட்டு எல்லையில் இந்த மரம் நின்றால் தயவுசெய்து கை வைக்காதீர்கள்!

வெட்டிய மரத்தாலும் அதிசயம் செய்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே ஒரு பாலம் எழும்பியது. முழுக்க முழுக்க முதிரை மரம். நடுவில் தூண் கிடையாது. ஒரே வளைவில் 205 அடி! 70 வருடம் தாங்கியது!

அதற்கு நேர் எதிரான கதை கலிபோர்னியாவில். இராட்சதச் செக்கோயா மரங்களை நாள் கணக்கில் அறுத்து விழுத்தினார்கள். அதன் மரமோ நொறுங்கும் சுபாவம். விழுந்த வேகத்தில் சிதறிப்போனது. மிஞ்சியதில் என்ன செய்தார்கள்? வேலிக் கட்டையும் தீக்குச்சியும்! ஆயிரம் இரண்டாயிரம் வருட மரத்தில் தீக்குச்சி!

கடற்கரைச் செம்மரக் காட்டில் கோடாரி படாமல் மிஞ்சியது எவ்வளவு? நூற்றுக்கு ஐந்து பங்குதான்!

அந்த ஐந்தையும் வெட்ட வந்தபோது ஒரு பெண் மரத்தில் ஏறிவிட்டார். பெயர் ஜூலியா ஹில். 1997 டிசம்பர் 10இல் ஏறியவர் 1999 டிசம்பர் 18இல்தான் இறங்கினார். 738 நாள்! மழை, புயல், எல்லாம் மரத்தின் மேலேயே. வெட்ட வந்த நிறுவனம் அந்த மரத்தை விட்டுவிடச் சம்மதித்தது!

738 நாள் பெரிதா? இராஜஸ்தானின் கேஜர்லி கிராமத்துக்கு வாருங்கள். 1730. மன்னரின் ஆட்கள் வன்னி மரம் வெட்ட வந்தார்கள். அமிர்தா தேவி மரத்தைக் கட்டிப்பிடித்தார். தலை விழுந்தது. அடுத்து அவர் மகள்கள். அடுத்து ஊர். மொத்தம் 363 பேர்! இதை எழுதும்போது கை நின்றுவிடுகிறது.

இலங்கையில் இப்படிப் போராட்டமே நடக்கவில்லையா? நடந்தது! 1970களில் சிங்கராஜ வனத்துக்குள் இயந்திரங்கள் இறங்கின. எதற்கு? ஒட்டுப்பலகை செய்ய! விஞ்ஞானிகளும் மக்களும் கொதித்து எழுந்தார்கள். வெட்டு நின்றது. 1988இல் அதே காடு உலக மரபுரிமை!

1990இலிருந்து இலங்கையின் இயற்கைக் காடுகளில் மரத்துக்காக வெட்டுவதற்கே தடை! அதனால்தான் தளபாடக் கடையில் தேக்கும் மகோகனியும் தோட்டத்தில் வளர்த்தவை. மரம் வேண்டுமா, நட்டு வளர்த்து வெட்டுங்கள். 30 வருடத்தில் கிடைக்கும் தேக்கை அறுத்து அலுமாரி செய்யலாம். 500 வருட மரத்தை அறுத்தால் யார் 500 வருடம் காத்திருந்து திருப்பிக் கொடுப்பது?

நட்டு வளர்ப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது: நம் தோட்டப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு வளர்க்கும் யூக்கலிப்டஸ் இருக்கிறதே, அதன் உறவுக்காரர் ஒருவர் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் இருக்கிறார். பெயர் செஞ்சூரியன். உயரம் சுமார் 100 மீட்டர்! பூக்கும் மரங்களில் மெனாராவோடு முதலிடத்துக்குப் போட்டி போடுபவர்!

உங்கள் வளவில் பலா மரம் நிற்கிறதா? மரம் உங்களுடையது, நிலம் உங்களுடையது. ஆனாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது! 1951ஆம் ஆண்டின் சட்டம். பலாவோடு ஈரப்பலாவும் பெண் பனையும் அந்தப் பட்டியலில். பசிக்குச் சோறு போட்ட மரத்துக்கு ஒரு நாடு கொடுத்த மரியாதை!

தம்புள்ளையில் கண்டலமைக்குப் போகும் வழியில் ஒரு காடு இருக்கிறது. கடந்து போகிறவர்கள் அரசாங்கக் காடு என்றே நினைப்பார்கள். இல்லை! ஒரு தனி மனிதர் உண்டாக்கியது. சாம் பொபம்! ஆங்கிலேயர், முன்னாள் கடற்படை அதிகாரி, தேயிலைத் துரை. 1963இல் சேனை வெட்டிக் கைவிட்ட முட்புதர் நிலத்தை வாங்கினார்.

முதலில் கன்றுகளை நட்டார். செத்தன. பிறகு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. முட்புதருக்குள்ளேயே முதிரை, பாலை, வீரை, கருங்காலிக் கன்றுகள் மூச்சுத் திணறிக்கொண்டு நின்றன! புதரை மட்டும் அகற்றினார். கன்றைத் தொடவில்லை. வெளிச்சம் விழுந்ததும் மரங்கள் கிடுகிடுவென எழும்பின. நட்ட மரம் அல்ல, விட்ட மரம்! அந்த வழிமுறைக்கே இன்று பொபம் முறை என்று பெயர்!

பிறகு அதைக் கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். இரவில் டோர்ச்சோடு நடந்தால் கிளையில் இரண்டு சிவப்புக் கண்கள் மின்னும். தேவாங்கு!

இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியுமா? குரூடியா சிலானிக்கா என்றொரு மரம். இலங்கைக்கே உரியது. 2012இல் வெளியான செம்பட்டியலில் அழிந்துபோனது என்று எழுதியாயிற்று. 2019இல் கம்பஹா மாவட்டத்துத் தரலுவவில் வீதியோரமாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. உயிரோடு!

2021 பெப்ரவரி. அந்த மரத்தை வெட்ட ஆள் வந்தது. அதிவேக நெடுஞ்சாலைக்கு இடம் வேண்டுமாம்! செய்தி தீயாகப் பரவியது. பிக்குகள் வந்து மரத்துக்குக் காவி கட்டினார்கள். காவி கட்டிய மரத்தில் எவன் கோடாரி போடுவான்? வெட்டு நின்றது!

அது எந்த நெடுஞ்சாலை தெரியுமா? மத்திய அதிவேக நெடுஞ்சாலை. கடவத்தையில் தொடங்கி, கம்பஹா தாண்டி, மீரிகம தாண்டி, குருநாகல் தாண்டி, திட்டத்தின்படி அது வந்து முடிய வேண்டிய ஊர் நம் மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளை!